சமூகவியல் பட்டமும் சமூகப்பணிப் பட்டமும்

சமூகவியல், சமூகப்பணி ஆகியன ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் இரு வேறு உயர்கல்வித் துறைகள் ஆகும். சமூகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராயும் அறிவியல் சமூகவியல் எனப்படும். இடர்ப்படும் தனியாள், குடும்பம், சமுதாயம் ஆகியோருடன் இணைந்து செயற்படுவதற்கான தொழில்முறைக் கல்வி சமூகப்பணி எனப்படும். புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் அமைந்துள்ளதும் 1985 இல் நிறுவப்பட்டதுமான புதுவைப் பல்கலைக்கழகத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. முன்னதில் முதுகலைப் பட்டமும் (எம்.ஏ.), பின்னதில் சமூகப்பணி முதுநிலைப் பட்டமும் (எம்.எஸ்.டபிள்யூ.) வழங்கப்படுகின்றன. சில பணிகளுக்கு இப்பட்டங்களுள் எதுவும் ஏற்கப்படும்; வேறு சிலவற்றுக்கு ஒன்று மட்டுமே ஏற்கப்படும். எனவே முதுநிலையில் எதைத் தெரிவு செய்வது என்பது மாணவரின் பிற்காலத் தொழிலைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

இந்தியாவில் சமூகவியல் பல்கலைக்கழகத் துறையாக 1919 இல் பம்பாயில் பேட்ரிக் கெடிசு என்பவரின் தலைமையில் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் இத்துறையின் முக்கிய ஆய்வுக்களங்களாக விளங்கின. தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேய் எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்னும் ஆங்கில நூல் 1965 இல் வெளிவந்தது. புதுச்சேரியில் 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சமூக அறிவியல் ஆய்வுகளை மேற்கொண்டு வருகிறது.

சமூகப்பணிக் கல்வி இந்தியாவில் 1936 இல் பம்பாயில் நிறுவப்பட்ட சர் தோரப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியுடன் தொடங்கியது. இதுவே 1944 இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952 இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார்.

கல்வி முறை

சமூகவியல் மாணவர் டியூர்க்கைம், வெபர், மார்க்சு முதலியோரின் கோட்பாடுகள், சாதி, குடும்பம், ஊரகச் சமூகம், ஆய்வு முறைகள், புள்ளியியல் ஆகியவற்றைப் பயில்கிறார். களத்துக்குச் செல்வது பெரும்பாலும் தரவு திரட்டுவதற்காகவே ஆகும். நூல் வாசிப்பும் கட்டுரை எழுதுதலும் முதன்மை பெறுகின்றன.

சமூகப்பணி மாணவர் தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய ஒருங்கமைப்பு, சமூகநல நிர்வாகம் முதலியவற்றைப் பயில்கிறார். களப்பணி இக்கல்வியின் கட்டாயப் பகுதியாகும். பல நிறுவனங்களில் வாரத்திற்கு இரு நாட்கள் மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் அல்லது தொழிற்சாலையில் மாணவர் பணியாற்ற வேண்டும். ஒவ்வொரு நாள் பணிக்கும் அறிக்கை எழுதுதல், ஆசிரியரின் மேற்பார்வை, ஊரக முகாம் ஆகியனவும் உண்டு. சமூகவியல் சமூகப்பணிக்கு அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

எடுத்துக்காட்டு

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை புதுச்சேரி, காரைக்கால் மீனவ ஊர்களைப் பெரிதும் பாதித்தது. இக்கடற்கரையில் நிவாரணப் பொருட்களைப் பகிர்வதில் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்துகள் முக்கியப் பங்கு வகித்தன. இப்பஞ்சாயத்து யாரை ஒரு குடும்பமாகக் கணக்கிடுகிறது, கணவனை இழந்த பெண்ணுக்கு அக்கணக்கில் இடம் உண்டா, படகு இல்லாதவரின் நிலை என்ன என்பன சமூகவியலரின் வினாக்கள். விடுபட்ட ஒரு பெண்ணுக்கு விண்ணப்பம் எழுதவும், அவளுடைய பிள்ளை மீண்டும் பள்ளி செல்லவும், பஞ்சாயத்தாருடன் பேசி அவளுக்குரிய பங்கைப் பெறவும் துணை நிற்பது சமூகப்பணியாளரின் வேலை. முன்னதன் பயன் ஒரு நூலாகவோ கொள்கை மாற்றமாகவோ பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கலாம். பின்னதில் அந்த வாரமே தீர்வு காண வேண்டியிருக்கும்.

பட்டமும் பணித்தகுதியும்

* கல்லூரி ஆசிரியப் பணி: பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் சமூகவியலும் சமூகப்பணியும் தனித்தனிப் பாடங்கள் ஆகும். பொதுவாக முதுநிலையில் பயின்ற பாடத்திலேயே தேர்வு எழுத வேண்டும்.
* குடிமைப் பணித் தேர்வு: முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல் உண்டு, சமூகப்பணி இல்லை. ஆயினும் எத்துறைப் பட்டதாரியும் சமூகவியலை விருப்பப் பாடமாகக் கொள்ளலாம்.
* உளமருத்துவச் சமூகப்பணி: 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகப்பணியில் முதுநிலைப் பட்டமும் அதன்மேல் உளமருத்துவச் சமூகப்பணியில் ஈராண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றவரை உளமருத்துவச் சமூகப்பணியாளர் என வரையறுக்கிறது. சமூகவியல் பட்டம் இதற்கு மாற்றாகாது.
* தொழிலாளர் நலம்: 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. இதற்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பு அவ்வெண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட சமூகப்பணிப் பட்டதாரிகள் இத்துறைக்குச் செல்வது வழக்கம்.
* குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்: 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் கூறப்பட்ட கல்வித் தகுதிகளுள் சமூகவியல், சமூகப்பணி ஆகிய இரு பட்டங்களும் இடம்பெறுகின்றன.

தெரிவு செய்தல்

இளநிலைப் பட்டத் தெரிவு பெரும்பாலும் மாற்றத்தக்கது. பல பல்கலைக்கழகங்கள் எத்துறை இளநிலைப் பட்டதாரியையும் சமூகப்பணி முதுநிலைப் படிப்பில் சேர்த்துக் கொள்கின்றன. எனவே இளங்கலையில் சமூகவியல் பயின்றவர் பின்னர் சமூகப்பணிக்கு மாறலாம். முதுநிலைக்குப் பின் மாறுவது கடினம். மேற்கூறிய தகுதிகளுள் சில முதுநிலைப் பட்டத்தின் பெயரையே சார்ந்துள்ளமையால், மாற விரும்புபவர் மேலும் ஈராண்டுகள் செலவிட்டு மற்றொரு முதுநிலைப் பட்டம் பெற வேண்டியிருக்கும்.

ஆய்வு, ஆசிரியப் பணி, எழுத்து ஆகியவற்றில் நாட்டம் உடையோருக்குச் சமூகவியல் பொருந்தும். மருத்துவமனை, சிறார் இல்லம், தொழிற்சாலை போன்ற இடங்களில் நாள்தோறும் மக்களுடன் பணியாற்ற விரும்புவோருக்குச் சமூகப்பணி பொருந்தும். மக்களுக்கு உதவும் எண்ணம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது போதாது. அவ்வெண்ணம் இரு துறையினருக்கும் பொதுவானது. படிப்பில் சேர்வதற்கு முன் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில வாரங்கள் தன்னார்வலராகப் பணியாற்றிப் பார்த்தலும், விரும்பும் பணிக்கான அறிவிப்பு ஒன்றில் எப்பட்டம் கேட்கப்பட்டுள்ளது என்பதை நேரடியாகப் படித்தறிதலும் தெரிவை எளிதாக்கும்.