வர்தாவும் சூரியப் புயலும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தாம்பரம் தொடங்கிப் புறநகர் நெடுக மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. காற்று ஒரே நாளில் போய்விட்டது. கரண்ட் வரப் பல இடங்களில் நாட்கணக்கானது. சம்ப்பில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலி. ஜெனரேட்டரை வேனில் ஏற்றிவந்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசித் தண்ணீர் ஏற்றிக்கொடுத்தார்கள். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் இயங்கவில்லை, கார்டு தேய்க்க சிக்னலும் இல்லை.

சூரியன் உமிழும் பிழம்பு பூமியைத் தாக்கும் கடும் சூரியப் புயல் வந்தால் அன்றாட வாழ்க்கை என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சேதம் நடக்கும் விதம் வேறு. வர்தாவில் விழுந்த கம்பத்தை வெளிமாவட்ட லைன்மேன்கள் வந்து நட்டார்கள். சூரியப் புயலில் கம்பம் அசையாது. பூமியின் காந்தப்புலம் குலுங்கும்போது நீண்ட மின்தடங்களில் வேண்டாத மின்னோட்டம் புகுந்து, பெரிய டிரான்ஸ்பார்மர்களின் இரும்பு உள்ளகத்தைச் சூடாக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் 90 வினாடிகளில் இருண்டது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரமில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் வர்தாதான் மோசம். ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் மாற்று வந்துசேர மாதங்கள் ஆகும். எந்த லைன்மேனாலும் அதைத் தெருவில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

எச்சரிக்கையிலும் வித்தியாசம் உண்டு. வர்தாவின் பாதையை வானிலை மையம் பல நாள் தொடர்ந்தது. சூரியன் உமிழ்ந்த பிழம்பு பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். 1859-இன் பெரும் சூரியப் புயலில் அது சுமார் பதினேழரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அதன் காந்தத் திசை நமக்குப் பாதகமா என்பது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அது தொடும்போதுதான் உறுதியாகும். அதன்பின் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

வாட்ஸ்அப்பில் வரும் பீதியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் கியூபெக்கில் பாய்ந்த அளவு மின்னோட்டம் இங்கே எதிர்பார்க்கப்படுவதில்லை. 2024 மே மாதத்தின் கடும் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. பெரிய மின்தடை எங்கும் இல்லை. நமக்குள்ள தொல்லை வேறு: நடுக்கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் எளிதில் கலங்கும், ஜிபிஎஸ் தடுமாறும். கால்டாக்சி வழிதவறுவது சின்ன விஷயம். பல செல்போன் கோபுரங்கள் நேரத்தையே ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் எடுக்கின்றன.

இன்னொன்று, 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென்னக மின்தொகுப்பு தனியாக இருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் அதுவும் தேசியத் தொகுப்போடு ஒன்றாகிவிட்டது. இணைப்பால் நன்மை அதிகம்தான். ஆனால் தொலைதூரச் சிக்கலிலும் இப்போது நமக்குப் பங்குண்டு.

கரண்டும் சிக்னலும் போனால் பணத்துக்கு என்ன செய்வது என்பதிலும் நிலைமை தலைகீழாகிவிட்டது. வர்தாவின்போது நோட்டுத் தட்டுப்பாடு, யுபிஐ அப்போதுதான் பிறந்திருந்தது. இன்று சேலையூர் டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள், சில்லறை கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார்.