லாட்டு: ஒரு சொல்லும் ரெண்டு மூட்டை ஏலக்காயும்

போன மாதம் போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு மாமாவோடு போயிருந்தேன். போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு. வியாபாரிகள் மாதிரிக் காயை உரித்து முகர்ந்துவிட்டு, கம்ப்யூட்டரில் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம லாட்டு இன்னும் வரல மாப்ள" என்றார் மாமா. வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்குப் போனது. "நமக்கு எழுதினது அவ்வளவுதான்" என்றார்.

ஒரே ஆங்கிலச் சொல்லின் ரெண்டு பொருளையும் தன்னை அறியாமலே சொல்லிவிட்டார்!

பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாட்' என்றால் குலுக்கிப் போட்டு முடிவெடுக்கும் மரத்துண்டு. நம்ம உத்திரமேரூர் குடவோலை செய்த வேலைதான். குலுக்கலில் கிடைத்த பங்குக்கும் அதே பெயர் வந்தது. கிடைத்த பங்கை மாற்ற முடியாது இல்லையா? அதனால் விதியும் 'லாட்' ஆனது. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் நிலத்தைக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். மனையும் 'லாட்' ஆனது. பிறகு ஏலத்தில் ஒன்றாக விற்கும் சரக்கு, கூட்டம், கடைசியில் 'நிறைய' என்றெல்லாம் பொருள் விரிந்தது. லாட்டரி, அலாட்மென்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பங்கு விதியாவது தமிழுக்கும் புதுசு இல்லை. அறத்துப்பால், பொருட்பால் என்னும்போது 'பால்' என்றால் பகுதி. அதே குறளில், ஊழ் அதிகாரத்தில், 'பால்' என்றால் விதி. வடமொழி வழி வந்த பாகமும் பாக்கியமும்கூட இப்படித்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குலுக்கலில் ஏன் இந்தச் சீட்டு வந்தது என்று கேட்க முடியாது. ஏலத்து லாட்டுக்குக் காரணம் இருக்கு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் தோட்டங்களை அழித்தது. அடுத்த வருடம் மழை தவறியது. காய் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்போது மாமா கையில் இருந்தது ரெண்டே மூட்டை. செடி தேறி, காய் குவிந்தபோது, 2021இல் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். "அது தலையெழுத்து இல்ல மாமா, மழையும் சந்தையும்தான்."

"சரி மாப்ள," என்றார். "அந்த ரெண்டுல எது என் கையில இருக்கு?"