மாதவிடாய் நின்ற பெண்டிரின் எலும்பு நலமும் இயங்கு சக்தியும்

மாதவிலக்கு நின்று 12 மாதங்கள் தொடர்ச்சியாகக் கழிந்த பின்பே அது நிரந்தரமாக நின்றுவிட்டதென்று மருத்துவர் நிச்சயிப்பர். பெரும்பாலான ஸ்திரீகளுக்கு 45-க்கும் 55-க்கும் இடைப்பட்ட வயதில் நேரும் இம்மாறுதலோடு, சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பைப் பெரிதும் கைவிட்டுவிடுகின்றன. உடல் வெம்மையும் இரவு வியர்வையும் உடனே தெரிந்துவிடும். எலும்பில் நிகழும் க்ஷயமோ, கால் இடறிக் கை ஊன்றும் ஒருநாள்வரையில் தெரிவதேயில்லை. 'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லை முழங்கால் மூட்டு நோய்க்கும் இதற்கும் பொதுவாக வழங்குவதால் ஜனங்களிடையே குழப்பம் மிகுதி. மூட்டுத் தேய்வில் வலி முந்தி வரும், எலும்பு க்ஷயமாகிய எலும்புப்புரையில் பெரும்பாலும் முறிவே முதல் அடையாளமாகும்.

உயிருள்ள எலும்பு, கட்டி முடித்த சுவரைப் போன்றதன்று. ஒருசார் அணுக்கள் பழைய எலும்பை அரித்துக் கரைக்க, மற்றொருசார் அணுக்கள் அக்குழிகளில் புதிய எலும்பை நிரப்ப, இவ்விரு காரியமும் ஆயுள் முழுதும் இணைந்தே நடைபெறுகின்றன. கரைப்பனவற்றை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குன்றியதும், வெட்டிய குழி நிரம்புமுன்பே அடுத்த குழி வெட்டப்படும் நிலைமை உண்டாகிறது. மாதவிடாய் நின்றபின் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரையில் குறைந்துவிடக்கூடும். உட்புறம் கடற்பஞ்சு போன்று அமைந்த முள்ளெலும்புகளும் மணிக்கட்டும் இந்த நஷ்டத்தை முன்னதாக உணர்கின்றன.

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்புப்புரைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட். 65 வயதுக்குட்பட்ட 42 எலும்புப்புரை நோயாளிகளை அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்ததில், 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்டிராயிருக்கக் கண்டு, 1941-இல் அதனை வெளியிட்டனர். 1994-இல் உலக சுகாதார நிறுவனம், இளம்பெண்டிரின் சராசரி அடர்த்தியினின்றும் 2.5 திட்ட விலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருப்பதே எலும்புப்புரை என்று வரையறை செய்தது. அளவுகோல் என்ற முறையில் அது உபயோகமானதே. ஆயினும் அவ்வெல்லையைத் தொடாத பெண்டிருக்கும் முறிவுகள் ஏராளமாக ஏற்படுகின்றமையால், எண்ணை மட்டும் பார்த்து ஆறுதலடைவதற்கில்லை.

ஏனெனில் எலும்பு முறிவதற்குப் பலவீனமான எலும்போடு ஒரு வீழ்ச்சியும் பெரும்பாலும் வேண்டும். வீழ்வதோ தசையையும் சமநிலையையும் பொறுத்தது. ஐம்பதுகளில் இருக்கும் ஒரு ஸ்திரீ தடுக்கி விழுந்தால், சரேலென்று கையை நீட்டி ஊன்றிக்கொள்கிறாள். டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் விவரித்த மணிக்கட்டு முறிவு அப்போது நேருகிறது. எழுபதுகளைக் கடந்தவளுக்கோ கை நீளுமுன்பே உடல் பக்கவாட்டில் சாய்ந்துவிட, தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. முறிந்த இடத்தைக் கொண்டே அந்த உடலின் இயங்கு சக்தியை ஒருவாறு அனுமானித்துவிடலாம். ஆதலின் கைப்பிடியின் வலிமை, நடையின் வேகம், கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர்வதற்காகும் நேரம் ஆகியவற்றையும் மருத்துவர் அளக்கின்றனர். நாற்காலியின் கைப்பிடியை நாடாமல் எழ முடியாதவர், நேற்றுவரை எட்டிய அலமாரித் தட்டு எட்டாமற் போனவர், அடர்த்திப் படம் எடுக்குமுன்பே ஒரு பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகிறார். உயரம் குறைதல், முள்ளெலும்பு வலியின்றியே நசுங்கியிருப்பதன் அடையாளமாகலாம்.

சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜனே முதலில் நினைவுக்கு வருவது. 16,608 பெண்டிரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பரிசோதனையில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்து இடுப்பு முறிவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. ஆனால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் அதிகரித்தமையால் 2002-இல் அதனை இடையில் நிறுத்தினர். எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலிருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். கால்சியமும் வைட்டமின் டி-யும் இன்றியமையாதன எனினும், அவை தனித்து இழந்த எலும்பை மீட்பதில்லை.

எலும்பு பலவீனமானவர்கள் கனத்த எடை தூக்கலாகாதென்ற, தேகாப்பியாசம் பற்றிய பழைய அபிப்பிராயமும் மாறிவருகிறது. அடர்த்தி குறைந்த 101 பெண்டிரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வொன்றில், வாரம் இருமுறை அரைமணி நேரம் மேற்பார்வையுடன் கனத்த எடை தூக்கியும் குதித்தும் பயின்றவர்களுக்கு எட்டு மாதங்களில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியதோடு, நாற்காலியிலிருந்து எழும் வேகமும் விருத்தியடைந்தது. முள்ளெலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள் மட்டும் முதுகை முன்னோக்கி வளைத்துத் தரையிலுள்ளதைத் தூக்குதல் ஆகாது. முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்தே அவர்கள் எழுதல் வேண்டும்.