ஒரே காப்பி, ஆளுக்கொரு விதம்

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி, காப்பிக்கு ஏற்ற ஊர் அல்ல. இந்த மேட்டுக் குளிருக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும்தான் ஒத்துவரும். பெருமாள்மலையைத் தாண்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் இறங்கினால் நிழல் மரங்களுக்கும் மலைவாழைக்கும் நடுவே காப்பித் தோட்டங்கள் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் அங்கே பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும்.

இந்தப் பழத்தின் கொட்டைதான் தமிழர் காலைப்பொழுதையே மாற்றியது. நீராகாரமும் பழைய சோறும் இருந்த இடத்துக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி வந்து சேர்ந்தது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் இந்த மாற்றத்தை விரிவாகச் சொல்கிறார். விருந்தினருக்குக் காப்பி கொடுப்பது கௌரவமானது. அதே வேளையில், இதுவும் கள்ளைப் போன்ற கெட்ட பழக்கம் என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். விட முடியாதவர் மன உறுதி இல்லாதவர் என்பதே அவர்கள் தீர்ப்பு.

உண்மை அவ்வளவு எளிதல்ல.

காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை 1819இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே. மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையைக் காஃபீன் தடுக்கிறது. அதனால், ஊக்கம் தரும் டோபமைனின் கையும் சற்று ஓங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. வில்லியம் ரெவெல் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், யோசிக்காமல் சட்டென்று செயல்படும் சுபாவக்காரர்களுக்குக் காலையில் காஃபீன் கைகொடுத்தது. நிதானக்காரர்களின் வேலையையோ கெடுத்தது. மாலையில் இது தலைகீழானது.

பலன் கிடைக்கும் என்ற குறிப்பைக் கண்டதும் தாவுகிற மனம் சிலருக்கு உண்டு. ஆபத்தைக் கண்டதும் பின்வாங்குவது வேறு சிலர் சுபாவம். இந்த வேறுபாட்டுக்கு மூளையில் அடிப்படை உண்டு என்று 1970இல் எழுதினார் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜெஃப்ரி கிரே. இந்தச் சுபாவ வேறுபாடு காப்பியோடு நிற்பதில்லை. கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற கொடிய ஊக்கப்பொருள்கள் காஃபீனைப் போல மறைமுகமாக அல்ல, டோபமைனை நேரடியாகவே பெருக்கெடுக்க வைக்கின்றன. புதுமை தேடி அலையும், அவசரப்படும் சுபாவம் உள்ளவர்கள் அவற்றைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் சுபாவம் மட்டுமே தலையெழுத்தாகிவிடாது. கூட்டாளிகள், மனத்துயரம், பொருள் எளிதில் கிடைப்பது எல்லாம் சேர்ந்தே ஒருவரை இழுக்கின்றன.

காப்பியை நிறுத்தினால் தலைவலி வருவது வெறும் சாக்கு அல்ல. கடைசிக் குவளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் அதை ஒரு மருத்துவ நிலையாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே, நம் வீட்டில் காப்பியை விட நினைப்பவரை உறுதி இல்லாதவர் என்று ஏச வேண்டாம். நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துவரத் துணை நிற்போம்.