பார்வையற்றோருக்கான இணையவழித் தன்னார்வப் பணி

பார்வையற்றோருக்கான இணையவழித் தன்னார்வப் பணி என்பது தன்னார்வலர்கள் தத்தம் இருப்பிடத்தில் இருந்தபடியே, கணினி, இணையம் ஆகியவற்றின் துணையுடன், பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்களை உருவாக்கும் பணியாகும். தட்டச்சு செய்தல், மெய்ப்பு பார்த்தல், நூலை வாசித்து ஒலிப்பதிவு செய்தல், படங்களுக்குச் சொல்விளக்கம் எழுதுதல் ஆகியன இதனுள் அடங்கும்.

தேவை

திருச்சிராப்பள்ளி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகளில் பிரெயில் பாடநூல்கள் பயன்படுகின்றன. ஆனால் கல்லூரிக் கல்விக்குத் தேவையான தமிழ் நூல்களுள் மிகச் சிலவே பிரெயிலில் கிடைக்கின்றன. பிரெயில் நூல்கள் அச்சு நூல்களைவிடப் பருமனானவை. எடுத்துச் செல்லக் கடினமானவை. எனவே மாணவர் பலர் திரையிலுள்ள உரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைச் சார்ந்துள்ளனர். ஆத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய என்விடிஏ இவ்வகையைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருளாகும். இது தமிழையும் படிக்கும்.

வருடி மூலம் எடுக்கப்பட்ட பக்கம் வெறும் படமே. திரைவாசிப்பானால் அதை நேரடியாகப் படிக்க இயலாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளும் இவ்வாறே பயனற்றுப் போகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அவ்வுரை, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் இருப்பதே காரணம். ஒருங்குறியில் அமைந்த உரைக்கு இச்சிக்கல் இல்லை.

மெய்ப்பு பார்த்தல்

எழுத்துணரி மென்பொருள் படத்தை உரையாக மாற்றும். எனினும் பிழைகள் எஞ்சும். சான்றாக, ரகரத்தைக் காலாகக் கொண்டால் "மரம்" என்பது "மாம்" ஆகிவிடும். பார்வையுள்ளவர் மூலப் பக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். செவியால் படிப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே மனிதர் மெய்ப்பு பார்ப்பது இன்றியமையாததாகிறது.

1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னுரையாக்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2,000க்கும் மேற்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அங்கு ஒருவர் மெய்ப்பு பார்த்த பக்கம் மஞ்சள் நிறத்திலும், மற்றொருவர் மீண்டும் சரிபார்த்த பக்கம் பச்சை நிறத்திலும் காட்டப்படும். இவ்விரு திட்டங்களும் பார்வையற்றோருக்கெனத் தொடங்கப்பட்டவை அல்ல. எனினும் அவற்றின் உரைகள் அவர்களுக்கும் பயன்படுகின்றன.

திருவரங்கத்து உரைநூல்கள்

சில நூல்களுக்குத் தட்டச்சுத் திறன் மட்டும் போதாது. நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய திருவாய்மொழி விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப்படும் இவ்வுரை மணிப்பிரவாள நடையிலானது. இத்தகைய நூல்களின் பழம்பதிப்புகளில் கிரந்த எழுத்துகள் கலந்து வருவதால், தமிழுக்கென அமைந்த எழுத்துணரி அவற்றைப் பிழையாகக் காட்டும். மரபை அறிந்தவர் இல்லத்தில் இருந்தபடியே இவற்றைத் திருத்தித் தர இயலும்.

சட்டப் பின்புலம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கேற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க விலக்கு அளித்தது. பார்வையற்றோருக்கான நூல்களைப் பற்றிய மராக்கேசு உடன்படிக்கையை 2014 இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவாகும். சுகம்ய புத்தகாலயா என்னும் இணைய நூலகம் 2016 ஆகத்து 24 அன்று தொடங்கப்பட்டது.

வரம்புகள்

அட்டவணை, வரைபடம், கணிதச் சமன்பாடு ஆகியவற்றைச் சொல்லாக்குவது கடினம். பாடத்தை அறிந்தவரே அதைச் செம்மையாகச் செய்ய முடியும். தேர்வு நெருங்கும் வேளையில் பாதி திருத்தப்பட்ட நூல் மாணவருக்கு உதவாது. எனவே நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் அதனைப் படிக்கவிருப்பவரிடம் கேட்டறிவதும், எடுத்த நூலை உரிய காலத்தில் முடிப்பதும் தேவையாகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

பிரெயில்
எழுத்துணரி
ஒருங்குறி
மதுரைத் திட்டம்