இரும்பும் இருப்பும்

கில்ஸ்விட்ச் என்கேஜ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1999-இல் உருவான மெட்டல்கோர் குழு. ஹெவி மெட்டலின் கனத்த கிட்டாரும் ஹார்ட்கோர் பங்க்கின் கத்தலும் கலந்த இசை அது. 2025 பிப்ரவரியில் 'திஸ் கான்சிக்வென்ஸ்' என்ற புதிய தொகுப்பை இக்குழு வெளியிட்டது. அதில் பாடும் ஜெஸ்ஸி லீச் 2002-இல் விலகிப்போனவர். 2012-இல் திரும்பி வந்தார். பத்து ஆண்டு கழித்து வந்தபோதும் திரும்பிச் சேர ஒரு குழு அங்கே இருந்தது. ஓர் இசைக்குழு மூப்படைவதற்குத் திறமை மட்டும் போதாது. அதில் உள்ளவர்கள் வந்து சேர்வதற்கு ஓர் ஊரும் வேண்டும்.

இந்த இசையின் மூலம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. 1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், உலோகத் தகட்டுப் பட்டறை ஒன்றில் வேலைபார்த்த 17 வயது டோனி அயோமியின் வலக்கை பிரஸ் மெஷினில் சிக்கியது. இரண்டு விரல்களின் நுனி போயிற்று. வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாள் அது. இடக்கைக்காரரான அவர் கிட்டார் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அந்தக் கனத்த ஒலிதான் 1970-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட பிளாக் சப்பாத்தின் அடையாளமாகியது. அக்குழுவின் நால்வரும் 2025 ஜூலை 5 அன்று கடைசியாக ஒன்றாக வாசித்தது தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் வில்லா பார்க் மைதானத்தில்.

தமிழர் கதைக்கு வருவோம். 1992-இல் சிங்கப்பூரில் கதிர், சிவா உள்ளிட்ட இளைஞர்கள் 'ருத்ரா' குழுவைத் தொடங்கினார்கள். டெத் மெட்டலோடு சமஸ்கிருத மந்திரங்களையும் கர்நாடக இசையையும் இணைத்தார்கள். குழு 1990களின் நடுவில் கலைந்து மீண்டும் கூடியது. 2005-க்கும் 2011-க்கும் இடையில் 'பிரம்மவித்யா' வரிசையில் மூன்று தொகுப்புகள் வந்தன. கலைந்தவர்கள் மறுபடி கூட முடிந்ததற்குக் காரணம் எளிது: அது அவர்கள் வீடிருக்கும் ஊர், தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

இனி தோஹாவின் தொழில்பேட்டை. அங்குள்ளவர்களுக்கு அது 'சனையா'. சல்வா சாலையை ஒட்டி எண்ணிட்ட தெருக்கள், வெல்டிங் பட்டறைகள், கேரேஜ்கள், கிடங்குகள், தொழிலாளர் முகாம்கள். பர்மிங்காமில் இருந்த இரும்பும் இரைச்சலும் இங்கும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி இதன் ஒரு பெரும்பகுதியை மூடினார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. பக்கத்து ஏசியன் டவுன் அரங்கில் இந்தியாவிலிருந்து வரும் கலைஞர்கள் பாடுவார்கள், தொழிலாளர்கள் கேட்பார்கள். மேடை வருபவர்களுக்கு, கூட்டம் இருப்பவர்களுக்கு.

முதலாளியின் அனுமதியின்றி வேலை மாற 2020-இல் கத்தார் சட்டம் வழிசெய்தது. ஆனாலும் தங்கும் உரிமை வேலையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. 2018-இன் நிரந்தர வசிப்புரிமைச் சட்டம் வழக்கமாக ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் இடம் தருவதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் கிட்டார்காரர் திருநெல்வேலிக்கும் தாளக்காரர் மட்டக்களப்புக்கும் போய்விடுவார்கள். பத்து ஆண்டு கழித்துச் சேர்ந்துகொள்ள அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

டொராண்டோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் கராஜில் டிரம்ஸ் வைத்துப் பழகுவதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். அந்தக் கராஜுக்கு அடியில் பெற்றோர் வாங்கிய குடியுரிமைத் தாள் ஒன்று இருக்கிறது. சனையாவில் விரல் இழந்த ஒருவருக்கும் மனதில் ஒரு தாளம் ஓடலாம். அதை ஒரு தொகுப்பாக்க அவருக்குத் தேவைப்படும் ஆண்டுகளை எந்த விசாவும் தருவதில்லை.