கேரியர் வைத்த சைக்கிள்

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு சைக்கிள் வாங்கினேன். நாற்பத்தேழு வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தினார். வீட்டிலிருந்து எங்கள் வங்கிக் கிளை ஆறு கிலோமீட்டர்தான். புனே டிராஃபிக்கில் காரும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் போய்ச் சேருகின்றன.

கடையில் கியர், டிஸ்க் பிரேக், குவிக் ரிலீஸ் சக்கரம் என்று அடுக்கினார்கள். எல்லாம் சரி, பின்னால் மொட்டையாக இருந்தது. "கேரியர் கிடையாதா?" என்று கேட்டேன். கடைப் பையன் சிரித்துவிட்டான். "வோ தோ தூத்வாலே கீ சைகிள் மே லக்தா ஹை, சர்!" அதெல்லாம் பால்காரர் சைக்கிளில் மாட்டுவது சார் என்று அர்த்தம்.

அவன் சிரித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கேரியர் என்கிற சாமான் எங்கிருந்து வந்தது, எப்போது காணாமல் போனது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடமே இல்லாத காலம்

சைக்கிளின் மூதாதையை 1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது, காலால் தரையை உந்திப் போக வேண்டும். 1870-களில் வந்தது முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் தட்டு அளவும் இருந்த உயர்சக்கர சைக்கிள். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் சாமான் வைக்க ஏது இடம்? ஏறுவதே சர்க்கஸ்.

அந்த வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி உலகத்தைச் சுற்றினார். 1886-ல் நம் நாட்டுக்குள் வந்து கிராண்ட் டிரங்க் ரோடு வழியாகக் கல்கத்தா வரை மிதித்தார். இத்தனை தூரத்துக்கும் அவர் கிளம்பும்போது எடுத்துக்கொண்டது மாற்றுச் சட்டை, சாக்ஸ், கூடாரமாகவும் பயன்படும் ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அவ்வளவுதான். நாம் ஒரு வாரம் ஊருக்குப் போகக் கட்டும் மூட்டைகளை அவர் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டு வந்தார். சக்கரங்கள் ஏறக்குறைய ஒரே அளவு, பெடலிலிருந்து செயின் பின்சக்கரத்துக்கு. மூன்று வருஷத்தில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். இன்று நாம் ஓட்டுவது அடிப்படையில் அதே வண்டிதான். சீட்டுக்குப் பின்னால், சக்கரத்துக்கு மேலே ஒரு வெற்றிடம் கிடைத்தது இந்த அமைப்பில்தான். மனிதன் வெற்றிடத்தைச் சும்மா விடுவானா?

கழற்றி எடுக்கும் பை, கழற்றாத கம்பி

இங்கிலாந்தில் சுற்றுலா சைக்கிள்காரர்கள் சீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் பை மாட்டினார்கள். லங்காஷயர் பக்கம் நெல்சன் என்ற ஊரில் 1932-ல் தொடங்கிய காரடைஸ் கம்பெனி இன்றும் அந்தப் பைகளைத் தைக்கிறது. வார் போட்டுக் கட்டலாம், அவிழ்த்துக் கையோடு எடுத்துப் போகலாம்.

சுமை கூடினால் பை போதாது. அதற்கு வந்ததுதான் இரும்புக் கேரியர். அதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு கால்கள். கேரியர் காலின் ஓட்டை பின்சக்கர அச்சில் நுழையும், மேலே நட்டு இறுகும். அதாவது சுமையின் பெரும் பங்கு சீட்டுக்கோ பிரேமுக்கோ போகாமல் கால் வழியாக அச்சுக்கும், அங்கிருந்து சக்கரத்துக்கும், தரைக்கும் இறங்கிவிடுகிறது. நம் ஊர் சைக்கிள்கள் மூட்டை மூட்டையாகத் தாங்கிய ரகசியம் இதுதான்.

சைக்கிள் எவ்வளவு தாங்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் வியட்நாம்காரர்கள். 1954-ல் தியன் பியன் பூ போரில் பிரெஞ்சுப் படையை எதிர்க்க, மலைப்பாதைகளில் சைக்கிளில்தான் அரிசியும் குண்டுகளும் போயின. மூங்கில் கட்டி ஹேண்டில்பாரை நீட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு வண்டிக்கு 200 கிலோ வரை சர்வசாதாரணம். அதில் பல வண்டிகள் பிரான்சிலேயே செய்த பெஜோ என்பதுதான் வேடிக்கை. ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளைச் சைக்கிளில் அடுக்கி, மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிப் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தன்பாத் பக்கம் வேலை பார்த்த தமிழர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டுக் கேரியர்

சுதந்திரத்துக்கு முன்னால் நம்மிடம் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்து வண்டிகள். ராலே, ஹம்பர், ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. பிறகு நம் ஆலைகள் எழுந்தன. 1949-ல் சென்னையில் முருகப்பா குழுமம் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ் வந்தது. 1951-ல் சோனிப்பட்டில் அட்லஸ். லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள். இன்றைய பாகிஸ்தானில் உள்ள கமாலியா அவர்கள் ஊர். அமிர்தசரஸ் வந்து, லூதியானா வந்து, சைக்கிள் உதிரிபாகம் விற்று, 1956-ல் முழு சைக்கிளே செய்ய இறங்கினார்கள். முதல் வருஷம் 639 வண்டிகள். முப்பது வருஷம் கழித்து 1986-ல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று ஹீரோ கின்னஸில் ஏறியது.

இவர்கள் செய்த கறுப்பு ரோட்ஸ்டர் வண்டி இருபது கிலோ கனக்கும். கேரியர் இல்லாமல் அதை யாரும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அது குடும்ப வண்டி. முன்பார்மேல் குட்டி சீட்டில் சின்னது, கேரியரில் அம்மா, அம்மா மடியில் இன்னொன்று. பால் கேன், வாழைத்தார், தபால் கட்டு, மும்பை டப்பாவாலாவின் டப்பாக்கள், எல்லாம் அதில்தான். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வங்கியின் தினசரி சேமிப்பு ஏஜென்டுகளில் பலர் கேரியரில் ரசீதுப் புத்தகப் பையை இறுக்கிக்கொண்டுதான் கடை கடையாகப் போனார்கள். அந்தத் திட்டத்துக்கு முன்னோடியான பிக்மி டெபாசிட்டை 1928-ல் தொடங்கியது சிண்டிகேட் வங்கி. அந்த வங்கியும் 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது.

ராக்கெட்டைக்கூட விடவில்லை. 1960-களில் தும்பாவில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரெஸ்ஸான் எடுத்த ஒரு படம் உண்டு. ராக்கெட்டின் கூம்பு முனை சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பேர் பத்திரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். பலர் அந்தப் படத்தைக் காட்டி நம் ஏழ்மையைப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேரியர் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கைதான் தெரிகிறது.

எப்போது கழன்றது?

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மூட்டைகள் மெல்ல அதன் முதுகுக்கு மாறின. அடுத்து நூறு சி.சி. பைக்குகள். சுமை தூக்கும் வேலை போனதும் சைக்கிள் பையன்களின் விளையாட்டு வண்டியானது. எஸ்.எல்.ஆர். வந்தது, தடி டயர் எம்.டி.பி. வந்தது. கேரியர் இல்லாமல் இருப்பதே ஸ்டைல் என்றானது. கேரியர் இருந்தால் அந்த வீட்டில் யாரோ உழைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு சைக்கிள் வாங்க வட்டியில்லாத முன்பணம் இருந்தது, அதையும் 2016-ல் எடுத்துவிட்டார்கள். அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம்!

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1975-ல் கலிஃபோர்னியாவில் ஜிம் பிளாக்பர்ன் எடை குறைந்த அலுமினியக் கேரியர்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அடுத்த வருஷமே நாட்டின் 200-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி நான்காயிரம் பேர் அளவில் சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். நாம் கழற்றி எறிந்த காலத்தில் அங்கே மெல்லிய உடம்போடு கேரியர் மறுபிறவி எடுத்தது. அந்த வம்சம்தான் இன்று 'ரியர் ரேக்' என்ற பெயரில், நம் பழைய சைக்கிள் விலைக்கு, நம்மிடமே வருகிறது :-)

சரி, நான் என்ன வாங்கினேன்?

முதலில் தப்பாக வாங்கினேன். சீட்டைத் தாங்கும் குழாயில் கவ்வி நிற்கும் வகை. ஒரு நெம்புகோலை இழுத்தால் கழன்று வரும், பத்து செகண்ட் வேலை. ஆசையாக இருந்தது. இந்த வகைக்கு அச்சு வரை போகும் கால்கள் இல்லை. மொத்தச் சுமையும் ஒரே கவ்வியில் தொங்குகிறது. அதனால் பெரும்பாலும் ஏழு முதல் பத்து கிலோ வரைதான் அனுமதி. நான் லேப்டாப், சாப்பாடு, மழைக்கோட்டு, போதாததற்கு வரும் வழியில் வாங்கிய காய்கறி எல்லாம் ஏற்றினேன். ஒரு வேகத்தடையில் கேரியர் அப்படியே பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. பை சக்கரத்தில் உரச, டிபன் டப்பா ரோட்டில் உருண்டது. பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் பிரேக் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் சுமை உண்மையில் எத்தனை கிலோ என்று வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள், உத்தேசம் வேண்டாம். தாங்கும் எடை கேரியரிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கால் வைத்த கேரியர்களில் 25 கிலோ என்று பார்க்கலாம். பின் அச்சுக்குப் பக்கத்தில் பிரேமில் திருகு ஓட்டை இருக்கிறதா, டிஸ்க் பிரேக் இடது காலை மறிக்கிறதா என்று பாருங்கள். மறித்தால் கால் வெளிப்பக்கம் வளைந்த கேரியர் கிடைக்கிறது. ஓட்டை இல்லையென்றால் ரப்பர் வைத்த வளையக் கிளிப்பால் பிரேமில் பிடிக்கலாம், சுமையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்குழாய் கார்பன் என்றால் கவ்வும் வகை பக்கமே போகாதீர்கள்.

நான் கடைசியில் வாங்கியது இரண்டு கால் வைத்த அலுமினியக் கேரியர். நான்கு போல்ட். கையால் திருகும் குமிழ் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கழற்றலாம். ஆனால் ஆறு மாசமாக ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. கழற்ற வேண்டியது கேரியர் அல்ல, பைதான். கொக்கி வைத்த பையை மாட்டி, இறங்கியதும் எடுத்துக்கொண்டு கிளைக்குள் போய்விடுகிறேன்.

கோபம் வராத காரணம்

1995-ல் நான் கும்பகோணத்தில் பி.காம். சேர்ந்தேன். வீடு தாராசுரம். அப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். வீட்டில் ஒரே ஒரு ஹெர்குலஸ். வாரத்தில் ஐந்து நாள் எனக்கு, மீதி நாள் அவருக்கு. காலேஜில் எல்லாரும் எஸ்.எல்.ஆரில் வருகிறார்கள், நான் மட்டும் அரிசி மூட்டை கேரியரோடு போவதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் எடுத்து நானே கழற்றிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தார்.

ஐப்பசி மழையில் ரேஷன் அரிசியும் சர்க்கரையும் வாங்கி, இரண்டு பையாகப் பிரித்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு வந்திருக்கிறார். வாய்க்கால் மதகில் ஒரு பை சக்கரத்தில் சிக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எழுதிச் சம்பாதிக்கிற கை. "மழைடி, வழுக்கிடுச்சு" என்றுதான் அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று ராத்திரி பரணில் ஏறி அதை எடுத்து மாட்டினேன். நட்டு இறுக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்று, இடது கையால் கேரியரை ஆட்டிப் பார்த்தார். "இன்னும் அரைச் சுத்து" என்றார்.

கடைப் பையனுக்கும் அந்த வயதுதான் இருக்கும்.

போன வாரம் புதுக் கேரியரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. உடனே போன் செய்தார். "அலுமினியமா? ஆடாம இருக்கான்னு பாத்தியாடா?"

"பாத்துட்டேம்ப்பா. அரைச் சுத்து கூடவே வெச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, மழைல பாத்துப் போ" என்று வைத்துவிட்டார்.